ஒரே சொல், இரு பொருள்: விக்கிப்பீடியாவில் சொற்பிணக்கும் புதிய பயனரும்

தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வருபவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "சரியாகத்தான் திருத்தினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள்." யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அவர் பாடசாலையில் படித்த கலைச்சொல் தமிழ்நாட்டு வாசகருக்கு வேறொன்றைக் குறிக்கலாம். அவர் திருத்துவது பிழையென்று அங்குள்ளவருக்குத் தோன்றும், அங்குள்ளவர் திருத்துவது பிழையென்று இவருக்குத் தோன்றும். இருவரும் தங்கள் தங்கள் பாடநூலின்படி சரியாகவே எழுதியிருப்பார்கள்.

இந்தப் பிணக்குகள் ஏன் வருகின்றன, எந்த வகைப் பிணக்கை எப்படித் தீர்ப்பது, புதியவர் எங்கே இடறுகிறார் என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் பொறிமுறை

விக்கிப்பீடியாவில் "அழித்துவிட்டார்கள்" என்பது பெரும்பாலும் உண்மையல்ல. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பக்கத்தின் முழுப் பதிப்பும் நேரம், பயனர் விவரத்துடன் தனியாகப் பதிவாகிறது. இந்தப் பதிவுகளின் அடுக்குதான் பக்கத்தின் வரலாறு. ஒருவர் உங்கள் மாற்றத்தை ஏற்காவிட்டால் முந்தைய பதிப்பைத் திரும்ப மேலே கொண்டுவருகிறார். இது மீளமைப்பு. உங்கள் பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

மேலும் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்.

1. பேச்சுப் பக்கம்: ஒவ்வொரு கட்டுரையின் பின்னாலும் உள்ள கலந்துரையாடல் இடம். கட்டுரையைப் பற்றிய வாதம் அங்கேதான் நடக்கவேண்டும்.

2. வழிமாற்று: ஒரு பெயரைத் தேடுபவரை வேறொரு தலைப்பிலுள்ள கட்டுரைக்குக் கொண்டுசெல்லும் சிறு பக்கம். ஒரு கட்டுரைக்கு எத்தனை வழிமாற்றும் வைக்கலாம்.

3. நகர்த்தல்: வரலாறு குலையாமல் கட்டுரையின் தலைப்பை மாற்றுவது.

4. பக்கவழி நெறிப்படுத்தல்: ஒரே பெயரில் பல பொருள்கள் இருக்கும்போது "நீங்கள் தேடுவது இதுவா, அதுவா" என்று பிரித்துக்காட்டும் பக்கம்.

களஞ்சியம் வேறு, அகராதி வேறு

சொற்பொருள் வாதங்களில் பாதி, இந்த வேறுபாடு விளங்காததால் வருவது. அகராதிப் பதிவு ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லுக்குள்ள எல்லாப் பொருள்களும் ஒரே இடத்தில் வரும். விக்கிப்பீடியா போன்ற களஞ்சியத்தின் கட்டுரையோ ஒரு பொருளைப் பற்றியது. அந்தப் பொருளுக்கு எத்தனை பெயர் இருந்தாலும் கட்டுரை ஒன்றுதான். ஒரே பெயரில் மூன்று பொருள் இருந்தால் கட்டுரையும் மூன்று. சொற்களுக்கென்று விக்சனரி என்ற உடன்பிறப்புத் திட்டம் தனியாக இயங்குகிறது.

ஆகவே "இந்தச் சொல்லின் உண்மையான பொருள் எது?" என்று களஞ்சியத்தில் கேட்டால் விடை கிடைக்காது. "இந்தப் பக்கம் எதைப் பற்றியது?" என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை கிடைத்தபின், அந்தப் பொருளுக்கு எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது, மற்றப் பெயர்களை எங்கே குறிப்பிடுவது என்பவை இரண்டாவது, மூன்றாவது கேள்விகள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒரே பேச்சுப் பக்கத்தில் ஒருவர் தலைப்பைப் பற்றியும், மற்றவர் வரைவிலக்கணத்தைப் பற்றியும், மூன்றாமவர் வேர்ச்சொல்லைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நிறை: ஒரு பிணக்கு எப்படிப் பிறக்கிறது

இலங்கைத் தமிழ்மொழிமூலப் பாடநூல்களில் ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவு திணிவு. அதைப் புவி இழுக்கும் விசை நிறை. திணிவைக் கிலோகிராமிலும் நிறையை நியூற்றனிலும் அளப்போம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முன்னது நிறை, பின்னது எடை. அதாவது, இங்கே விசையைக் குறிக்கும் அதே சொல் அங்கே கிலோகிராமில் அளக்கப்படும் கணியத்தைக் குறிக்கிறது.

இப்போது ஒரு கட்டுரையில் இந்த வசனம் இருக்கிறது என்று வைப்போம்: "10 கிலோகிராம் திணிவுடைய பொருளின் நிறை புவியில் ஏறத்தாழ 98 நியூற்றன், நிலவில் ஏறத்தாழ 16 நியூற்றன்." உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவருக்கு இதில் ஒரு பிழையுமில்லை. மதுரையில் இயற்பியல் படித்தவர் இதைப் பார்க்கிறார். நிறை எங்கேயாவது நியூற்றனில் வருமா? நிலவுக்குப் போனால் நிறை குறையுமா? "நிறை இடத்துக்கு இடம் மாறாது, 10 கிலோகிராம்தான்" என்று நல்லெண்ணத்தோடு திருத்துகிறார். அவருடைய பாடநூலின்படி அவர் செய்தது தேவையான திருத்தம். மாணவர் திரும்பி வந்து பார்க்கிறார். "நிறை மாறாது" என்று எழுதியிருப்பது அவருக்கு அப்பட்டமான பிழை. மீளமைக்கிறார். மாற்றத்தின் காரணத்தை எழுதும் சுருக்கப் பெட்டியில் இருவரும் எழுதுவது ஒரே சொல்: "பிழைதிருத்தம்".

வேகத்திலும் இதே கதைதான். இலங்கையில் திசையில்லாதது கதி, திசையுள்ளது வேகம். தமிழ்நாட்டில் திசையில்லாதது வேகம், திசையுள்ளது திசைவேகம். வட்டப்பாதையில் சீராக ஓடும் காரின் "வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது" என்பது இங்கே சரி, அங்கே பிழை.

கவனிக்கவேண்டியது இதுதான். ஆர்முடுகல் என்ற சொல் தமிழ்நாட்டு வாசகருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதே கணியத்தைக் குறிக்கும் முடுக்கம் என்பது இங்கே சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அதனால் பெரிய கேடில்லை. தெரியாத சொல்லைக் கண்டால் வாசகர் நின்று பார்ப்பார், இணைப்பைச் சொடுக்குவார். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது நின்று பார்க்க ஒரு காரணமும் இருக்காது. பிழையாக விளங்கிக்கொண்டு போய்விடுவார், அல்லது திருத்திவிட்டுப் போவார்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி வருகிறது. பொதுச்சொல் இரு இடத்திலும் வேறு வேறு பொருள் தருமானால் அந்தச் சொல்லையே தவிர்த்து, எஞ்சியுள்ள இரண்டையும் எடுங்கள். திணிவு என்பதும் எடை என்பதும் யாரையும் தவறான கணியத்துக்குக் கொண்டுபோகாத இணை. கதியும் திசைவேகமும் அப்படியே. நிறை, வேகம் ஆகியவற்றைத் தலைப்பாக வைக்காமல் பக்கவழிப் பக்கமாக்கிவிடலாம். ஒரு கரைச் சொல்லும் மறு கரைச் சொல்லும் கலந்து வருவதை மொழித்தூய்மை பார்ப்போர் விரும்பமாட்டார்கள். ஆனால் கணக்குப் பிழைக்காமல் இருப்பதுதான் இங்கே முக்கியம்.

சொற்கள் ஏன் இப்படிப் பிரிந்தன

இரு இடத்தும் கலைச்சொல்லாக்கம் தனித்தனியாக நடந்தது. யாழ்ப்பாணத்தில் அதன் வரலாறு நீண்டது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்ததோடு, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். பின்னர், 1950களின் நடுப்பகுதியிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் பாடவாரியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, அமுக்கம், கலம் போன்றவை பாடநூல்கள் வழியாக இங்கே நிலைபெற்றவை. தமிழகத்தில் 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்கப் பணியில் இறங்கியது. பின்னர் வந்த பாடநூல்கள் வேறு தெரிவுகளைச் செய்தன. இரு தரப்பும் பொது அறிஞர்களைக் கொண்டு பேசிய காலங்கள் இருந்தாலும், பாடநூல்கள் ஒன்றாகவில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது இந்த இரண்டு ஓடைகளும் ஒரே தளத்தில் வந்து விழுந்தன. அதைத் தொடக்க ஆண்டுகளில் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஆகவே இலங்கை வழக்கு அங்கே பின்னர் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. 2017இல் கட்டுரை எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டபோது, ஒரே துறையில் இருவகைச் சொற்களிலும் எழுதிய கட்டுரைகள் அருகருகே இருந்தன.

"கணினியே மாற்றித் தராதா?" என்று சிலர் கேட்பதுண்டு. சீன மொழி விக்கிப்பீடியாவில் அப்படியொரு வசதி உண்டு. ஒரே கட்டுரையை எளிய எழுத்திலோ மரபு எழுத்திலோ, பெருநிலச் சீனம், தாய்வான், ஹொங்கொங் ஆகியவற்றின் சொல்வழக்கிலோ வாசகர் பார்க்கலாம். சேர்பிய விக்கிப்பீடியாவிலும் எழுத்து மாற்றி உண்டு. தமிழில் ஒட்சிசனை ஆக்சிசனாக மாற்றுவது எளிது. நிறையை என்ன செய்வது? எழுதியவர் எந்தக் கரை என்று தெரியாமல் அதைத் திணிவுக்கு மாற்றுவதா, எடைக்கு மாற்றுவதா என்று பொறி முடிவெடுக்க முடியாது. மனிதர் ஒருவர் வசனத்தைப் படித்து அலகைப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

பிணக்கின் வகைகள்

எல்லாப் பிணக்கும் நிறை போன்றதல்ல. எந்த வகை என்று முதலில் இனங்கண்டால் பாதி வேலை முடிந்தது.

1. ஒரு பொருள், இரு பெயர்

வைத்தியசாலை, மருத்துவமனை. உதைபந்தாட்டம், கால்பந்து. கருப்பநீர், பதநீர். பனங்கட்டி, கருப்பட்டி. இவற்றில் பொருளைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றதை வழிமாற்றாக்கி, முதல் வசனத்திலேயே இரண்டையும் தடித்த எழுத்தில் தந்துவிட்டால் முடிந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிர் பற்றிய கட்டுரையின் தலைப்பில் ஓர் எழுத்துக் கூடுதலா குறைவா (yoghurt, yogurt) என்ற வாதம் பல ஆண்டுகள் இழுபட்டு 2011இல்தான் ஓய்ந்தது. அந்த எழுத்தால் தயிரைப் பற்றி ஒரு தகவலும் கூடவுமில்லை, குறையவுமில்லை. அங்கே இன்று பொதுவாக நடைமுறையிலுள்ள வழி நமக்கும் பொருந்தும்: ஒரு நாட்டோடு நெருங்கிய கட்டுரைக்கு அந்நாட்டு வழக்கு, மற்றவற்றுக்கு முதலில் எழுதியவர் கையாண்ட வழக்கு. காரணமில்லாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவதில்லை.

2. ஒரு பெயர், பல பொருள்

நிறையும் வேகமும் இந்த வகை. சமையலறையிலும் இது உண்டு. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூ என்றால் திருவலையில் திருவிய தேங்காய். பிட்டு அவிக்கும்போது மாவோடு அடுக்குவது அதுதான். தமிழ்நாட்டில் தேங்காய்ப்பூ என்று தெருவோரம் விற்பது முளைத்த தேங்காயின் உள்ளே திரளும் பஞ்சு போன்ற உருண்டை. அதை நாம் பூரான் என்போம். பிட்டுப் பற்றிய கட்டுரையில் "தேங்காய்ப்பூ சேர்த்து" என்றிருப்பதை வாசிப்பவர் அந்த உருண்டைக்கு இணைப்புக் கொடுத்துவிட்டால், முளைத்த தேங்காயில் பிட்டு அவிக்கும் விநோதமான செய்முறை பிறந்துவிடும். "திருவிய தேங்காய் (யாழ்ப்பாண வழக்கில் தேங்காய்ப்பூ)" என்று எழுதினால் இந்த ஆபத்து இல்லை.

ஊர்ப்பெயர்களில் இது இன்னும் நுட்பமாக வரும். நல்லூர் என்பது கந்தசுவாமி கோயிலைச் சூழ்ந்த இடம். நல்லூர் ஒரு பிரதேச செயலாளர் பிரிவு. நல்லூர் ஒரு பிரதேச சபை. நல்லூர் ஒரு தேர்தல் தொகுதி. நான்கின் எல்லையும் ஒன்றல்ல. கோயில் இருப்பது யாழ்ப்பாண மாநகரசபை எல்லைக்குள். பிரதேச செயலாளர் பிரிவு மத்திய அரசின் நிருவாக அலகு. பிரதேச சபை தேர்தலில் தெரிவாகும் உள்ளூராட்சி மன்றம். மாநகரசபைப் பகுதியின் ஒரு பங்கு நல்லூர் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வருகிறது, ஆனால் நல்லூர் பிரதேச சபைக்குள் வராது. இதைக் கவனிக்காமல் ஒருவர் ஒரு சனத்தொகை எண்ணைப் போடுகிறார், மற்றவர் வேறோர் எண்ணைக் கொண்டுவந்து "திருத்துகிறார்". இரண்டும் அரச ஆவணத்தில் உள்ள எண்தான். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. பெயர் ஒத்துப்போகும் இடமெல்லாம் இந்தக் குழப்பத்துக்கு வழியுண்டு. அட்டவணையில் எண்ணைப் போடுமுன் "எந்த நல்லூர்" என்று எழுதுவது கட்டாயம்.

3. உத்தியோகபூர்வப் பெயர்

இலங்கையின் அரசியலமைப்புத் தமிழில் பாராளுமன்றம். இந்தியாவில் நாடாளுமன்றம். யாழ்ப்பாணப் பத்திரிகைகளும் நாடாளுமன்றம் என்று எழுதுவதுண்டு. இங்கே மாகாணம், மாநகரசபை, சனாதிபதி. அங்கே மாநிலம், மாநகராட்சி, குடியரசுத் தலைவர். நிறுவனத்தின் சொந்தப் பெயராக வரும்போது அது தன்னை எப்படி அழைக்கிறதோ அப்படியே எழுதவேண்டும். பொதுப்பெயராக வரும்போது நெகிழ்வு உண்டு. மாகாணத்தை மாநிலமாக்குவது மட்டும் வெறும் சொல்மாற்றமாக நிற்காது. இலங்கையின் மாகாண சபைகளுக்கும் இந்திய மாநிலங்களுக்கும் உள்ள அதிகார வேறுபாட்டை அது மறைத்துவிடும்.

4. தீர்ப்பு ஒளிந்திருக்கும் சொல்

"1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது." "1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது." இலக்கணத்தில் ஒரு வினைவடிவ வேறுபாடு. முதல் வசனம் விபத்துப்போல ஒலிக்கிறது. மே 31, யூன் 1 ஆகிய நாட்களுக்கிடைப்பட்ட இரவில் அது வேண்டுமென்றே கொளுத்தப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது ஆவணங்களில் உள்ள செய்தி. ஆகவே "எரிக்கப்பட்டது" என்பது உணர்ச்சிச் சொல்லல்ல, சான்றுள்ள சொல். நடுநிலை நோக்கு என்றால் மழுங்கிய சொல்லைத் தேடுவது என்று சிலர் தவறாக நினைக்கிறார்கள். சான்று ஒருமுகமாக இருக்கும் இடத்தில் சான்று சொல்வதையே எழுதவேண்டும். சான்றுகள் பிரிந்து நிற்கும் இடத்தில், யார் எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்று பெயர் சுட்டி எழுதவேண்டும். "பயங்கரவாதி", "மாவீரர்", "கலவரம்", "இனப்படுகொலை" என்பன களஞ்சியத்தின் சொந்தக் குரலில் வருகின்றனவா, ஒருவரின் கூற்றாக வருகின்றனவா என்பதே பார்க்கவேண்டியது.

கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் இந்த நான்கிலும் சேராது. அது எழுத்துப்பெயர்ப்புக் கொள்கை, பொருட்பிணக்கல்ல. புதியவர் அதில் தலையிடாமல் இருப்பது நேரத்துக்கு நல்லது.

எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று

"எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை வாசகர் சரிபார்க்க வழியில்லை. மெய்யறிதன்மை என்ற கொள்கை கேட்பது, அச்சிலோ நம்பத்தக்க தளத்திலோ உள்ள ஆதாரம். யாழ்ப்பாண வழக்குக்கு ஆதாரம் கிடைக்காது என்று கைவிடவேண்டியதில்லை.

கலைச்சொல்லுக்கு: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் அப்படியே. தரம், பாடம், பக்க எண் மூன்றையும் கொடுங்கள். ஒரு கரையின் நூலை மட்டும் காட்டினால் அந்தச் சொல் அங்கே வழங்குகிறது என்பது மட்டுமே நிறுவப்படும். மறு கரையில் பிழை என்பது அதனால் நிறுவப்படாது.

பேச்சு வழக்குக்கு: சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி யாழ்ப்பாண வழக்குகளைத் தனிக் குறியிட்டுக் காட்டுகிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இலங்கை வழக்குக்குத் தனிக் குறி உண்டு. பழைய பத்திரிகைகளும் மலர்களும் ஊர் வரலாற்று நூல்களும் நூலகம் இணைய நூலகத்தில் பக்கம் பக்கமாக வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவருக்கு அதைவிடப் பயனுள்ள இடமில்லை.

நிறுவனப் பெயருக்கு: வர்த்தமானி, சட்டம், நிறுவனத்தின் சொந்த ஆவணம்.

வேர்ச்சொல் ஆராய்ச்சியை மட்டும் சான்றாகக் கொண்டுவராதீர்கள். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது இன்று அது எதைக் குறிக்கிறது என்பதற்கு ஆதாரமல்ல. இன்னொரு பொறியும் உண்டு. விக்கிப்பீடியாவில் ஒருவர் ஆக்கிய சொல்லைப் பத்திரிகை எடுத்தாளும், பிறகு அதே பத்திரிகை விக்கிப்பீடியாவில் சான்றாக வந்து நிற்கும். செய்தியின் திகதியையும், அந்தச் சொல் கட்டுரையில் முதலில் நுழைந்த திகதியையும் பக்க வரலாற்றில் ஒப்பிட்டால் இந்தச் சுற்று வெளிப்பட்டுவிடும்.

புதியவர் இடறும் இடங்கள்

முதலாவது, ஒட்டுமொத்த மாற்றீடு. கட்டுரை முழுவதையும் ஒரு செயலியில் ஒட்டி, "நாடாளுமன்றம்" இருக்கும் இடமெல்லாம் "பாராளுமன்றம்" என்று ஒரே சொடுக்கில் மாற்றுகிறார்கள். வாசிக்கும் பகுதி சரியாகத் தெரியும். ஆனால் படக் கோப்பின் பெயரிலுள்ள சொல்லும் மாறியதால் படம் காணாமற்போகும். இல்லாத பக்கத்தைச் சுட்டுவதால் இணைப்புகள் சிவப்பாகும். கட்டுரைகளை வகைப்படுத்தும் பகுப்பின் பெயர் மாறி, கட்டுரை இல்லாத பகுப்பில் போய் விழும். மேற்கோள்குறிக்குள் இருந்த ஒருவரின் கூற்றும், சான்றாகக் காட்டிய நூலின் பெயரும் பொய்யாகிவிடும். இத்தகைய மாற்றத்தைப் பார்ப்பவர் ஒவ்வொன்றாகச் சரிசெய்வதைவிட முழுவதையும் மீளமைப்பது எளிது என்று நினைப்பார். அதில் அவரைக் குறைசொல்ல முடியாது.

இரண்டாவது, வெட்டி ஒட்டித் தலைப்பு மாற்றுவது. விரும்பிய தலைப்பில் புதுப்பக்கம் திறந்து, பழைய கட்டுரையின் உள்ளடக்கத்தை அதில் ஒட்டினால், எழுதியவர்களின் பெயர் விவரம் பழைய பக்கத்திலேயே தங்கிவிடும். விக்கிப்பீடியாவின் உரிமம் ஆக்கியோருக்கு உரிய குறிப்பீட்டை வேண்டுவதால் இது வெறும் ஒழுங்குப் பிரச்சினையல்ல. நகர்த்தல் வசதி கணக்கில் தெரியாவிட்டால் நிர்வாகியிடமோ ஒத்தாசைப் பக்கத்திலோ கேட்கலாம்.

மூன்றாவது, சுருக்கப் பெட்டியை வெறுமையாக விடுவது. "நிறை என்பது இங்கு விசைப் பொருளில், பேச்சுப் பக்கம் பார்க்க" என்று எட்டுச் சொல் எழுதியிருந்தால் பல மீளமைப்புகள் நடந்திருக்காது.

நான்காவது, வட்சப் குழுவில் சொல்லி நண்பர்களைக் கூட்டிவருவது. முடிவு தலை எண்ணி எடுக்கப்படுவதில்லை. ஒரே நாளில் திறந்த ஐந்து கணக்குகள் ஒரே கருத்தைச் சொன்னால், ஒருவரே பல பெயரில் இயக்கும் கைப்பாவைக் கணக்குகள் என்ற சந்தேகம் வந்து, சரியான வாதமும் அடிபட்டுப்போகும்.

மீளமைக்கப்பட்டால் அடுத்த படி

1. திரும்பவும் அதே மாற்றத்தைச் செய்யாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணித்தியாலத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் மீளமைப்பவர் தடைக்கு உள்ளாகலாம். நீங்கள் சொல்வது சரியா பிழையா என்பது அங்கே பார்க்கப்படாது. சிறிய சமூகங்களில் அந்த எண்ணிக்கைக்கு முன்பே நிர்வாகி தலையிடலாம்.

2. பக்க வரலாற்றையும் பேச்சுப் பக்கத்தையும் படியுங்கள். அந்தச் சொல் முன்பே பேசித் தீர்ந்ததாக இருக்கலாம்.

3. மேலே சொன்ன நான்கில் எந்த வகை என்று முடிவுசெய்யுங்கள்.

4. பேச்சுப் பக்கத்தில் பழைய வசனம், நீங்கள் விரும்பும் வசனம், சான்று மூன்றையும் வையுங்கள். இப்படி:

"வணக்கம். இரண்டாம் பத்தியில் 'நிறை 98 நியூற்றன்' என்றிருந்ததை '10 கிலோகிராம்' என மாற்றியுள்ளீர்கள். இலங்கைப் பாடநூல்களில் நிறை என்பது புவியீர்ப்பு விசை. கிலோகிராமில் அளப்பது திணிவு. தரம் 10 விஞ்ஞான நூலின் பக்கத்தைக் கீழே தந்துள்ளேன். தமிழ்நாட்டு நூல்களில் நீங்கள் எழுதியவாறே உள்ளதையும் பார்த்தேன். இரு பகுதியினருக்கும் குழப்பம் வராதபடி 'எடை (இலங்கை வழக்கில் நிறை) 98 நியூற்றன்' என்று எழுதலாமா? ஒரு கிழமை பொறுத்து, மறுப்பு இல்லையென்றால் மாற்றுகிறேன்."

இதில் மற்றவரின் நூலையும் பார்த்திருப்பது தெரிகிறது. அதுவே பதிலை வரவழைக்கும். "தமிழைக் கெடுக்காதீர்கள்" என்று தொடங்கும் குறிப்புக்கு வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

5. பதில் வராவிட்டால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடற் பக்கத்தில் இணைப்போடு ஒரு வரி இடுங்கள்.

6. முடிவானதும் வசனத்தை மாற்றி, வழிமாற்றுகளை உருவாக்கி, உள்ளே வரும் இணைப்புகளைச் சரிபாருங்கள். "இப்பக்கத்தை இணைத்தவை" என்ற பட்டியல் அதற்கு உதவும்.

மூத்த பயனர் பக்கம்

புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்பது விக்கிப்பீடியாவின் பழைய வழிகாட்டல்களுள் ஒன்று. நடைமுறையில் அது அடிக்கடி மறக்கப்படுகிறது. ஐந்து பத்தி சேர்த்தவரின் மாற்றத்தை ஒரு சொல்லுக்காக முழுவதும் மீளமைப்பது சோம்பல். சொல்லை மட்டும் மாற்றி மிச்சத்தை விட்டுவைக்கலாம். முன்னாயத்தமாக உள்ள எச்சரிக்கை வாசகத்தை (வார்ப்புருவை) ஒட்டுவதைவிட, எந்த வசனம், ஏன் என்று ஒரு வரி எழுதுவது பயன்தரும். "இது இலங்கை வழக்கு" என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மீளமைப்பதற்கு எந்தக் கொள்கையிலும் இடமில்லை.

பாடசாலையில் பட்டறை நடத்தும்போது

கணினி ஆய்வுகூடத்தில் முப்பது மாணவரை இருத்திப் பயிற்சி கொடுப்போர் கவனிக்க வேண்டியவை சில. ஆய்வுகூடத்துக் கணினிகள் எல்லாம் வெளியே ஒரே ஐபி முகவரியாக (இணையத்தில் கணினியை இனங்காட்டும் எண்) தெரியும். ஓர் ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளே திறக்க முடியும் என்பது வழமையான வரம்பு. ஏழாவது மாணவருக்குப் பிழைச்செய்தி வரும், பட்டறை அங்கேயே நின்றுவிடும். முதல் நாளே வீட்டிலிருந்து அல்லது கைத்தொலைபேசித் தரவில் கணக்கைத் திறந்து வரச் சொல்லுங்கள். அல்லது வரம்பைத் தற்காலிகமாக நீக்கும்படி சில நாட்கள் முன்கூட்டியே கோருங்கள்.

ஒரு மாணவர் மாறி மாறி மீளமைக்கும் தொகுப்புப் போரில் இறங்கி அந்த முகவரிக்குத் தடை விழுந்தால், மற்ற இருபத்தொன்பது பேரும் தொகுக்க முடியாமற்போகலாம். எல்லோரையும் ஒரே கட்டுரைக்கு அனுப்பினால் ஒருவர் சேமிக்கும்போது மற்றவருக்குத் தொகுத்தல் முரண் வரும். ஆளுக்கொரு கட்டுரை கொடுங்கள். முதல் ஒரு மணித்தியாலம் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் போகட்டும். பௌதிகவியல், இரசாயனவியல் தலைப்புகளை முதல் நாளில் கொடுக்காமல், ஊர், கோயில், பாடசாலை, பனைசார் உற்பத்தி போன்றவற்றில் தொடங்குவது நல்லது. ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வேறுபாடு என்பதில் மாணவர்கள் யாரோடும் சண்டைபிடிக்க வேண்டிவராது. அதற்குச் சான்று தேடுவது எப்படி என்பதை மட்டும் பழகினால் போதும்.